சட்டைப்பைக் கேமரா இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கைப்பேசி வந்ததோடு கதை முடிந்துவிட்டது என்று பலரும் எண்ணிய சட்டைப்பைக் கேமரா, சில ஆண்டுகளாகக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறது. கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவின் மாடிகளில் ஏறி இறங்கினாலும், பினாங்கில் கொம்தார் வட்டாரத்தில் நடந்தாலும், உள்ளங்கையில் அடங்கும் கேமரா இருக்கிறதா என்று விசாரிக்கும் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்க்கலாம். பேரப்பிள்ளையின் பிறந்தநாளைப் படமெடுக்க எளிய கருவி ஒன்று போதும் என்று வரும் பெரியவர்களும் உண்டு. பல மாதிரிகளைப் பார்த்து, கேட்டு, கழித்து, கடைசியில் இரண்டு மிஞ்சும்போதுதான் இவர்கள் எல்லாரும் தடுமாறுகிறார்கள்.

இந்த வழிகாட்டி அந்தக் கடைசிக் கட்டத்துக்கானது. எடுத்துக்காட்டுக்காக 2016-இல் வெளிவந்த கேனன் இக்ஸஸ் 285 எச்எஸ் கேமராவையும், 2014-இல் வெளிவந்த சோனி சைபர்ஷாட் டபிள்யூ830 கேமராவையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் பழைய மாதிரிகள். கடையில் விற்காமல் மிஞ்சிய பெட்டியாகவோ, கைமாறிய பொருளாகவோதான் பெரும்பாலும் கிடைக்கும். இக்ஸஸை மட்டும் கேனன் நிறுவனம் 2025-இல் பெயரின் இறுதியில் ஓர் ‘ஏ’ சேர்த்துத் திரும்பவும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு கேமராக்கள் உண்மையில் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதை இந்த இணை நன்றாகக் காட்டும் என்பதால் இவற்றைத் தேர்ந்தேன். உங்கள் மனத்தில் வேறு இரண்டு பெயர்கள் இருந்தாலும் பார்க்கும் முறை இதுவேதான்.

முதல் படி: எதைப் படமெடுக்கப் போகிறீர்கள்?

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில், வரும் ஓராண்டில் இந்தக் கேமராவை எங்கெல்லாம் எடுத்துச் செல்வீர்கள் என்று ஐந்து இடங்களை எழுதுங்கள். ‘குடும்பப் படங்கள்’, ‘சுற்றுலா’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. ‘தைப்பூசத்தையொட்டி இரவில் துன் எச்.எஸ். லீ சாலை மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுவது’, ‘மகளின் தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா, மண்டபத்தின் நடு வரிசையிலிருந்து’, ‘தீபாவளித் திறந்த இல்ல விருந்து, பகலில், வீட்டு வரவேற்பறையில்’, ‘கேமரன் மலைப் பயணம்’, ‘தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளிலிருந்து தெரியும் பினாங்கு நகரம்’ என்ற அளவுக்குத் திட்டமாக எழுத வேண்டும்.

எழுதிய ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரங்களைக் குறியுங்கள்: வெளிச்சம் எப்படி, படமெடுக்கப்படுபவர் எவ்வளவு தொலைவில் இருப்பார், அவர் அசைவாரா. ரதப் புறப்பாடு என்றால் இருட்டு, நடுத்தரத் தொலைவு, ஓயாத அசைவு. பள்ளி விழா என்றால் மேடையில் மட்டும் வெளிச்சம், நல்ல தொலைவு, ஆடும் பிள்ளைகள். தீபாவளி விருந்து என்றால் நல்ல வெளிச்சம், கைக்கெட்டும் தொலைவு, கொஞ்சம் அசைவு. இந்தத் தாள் இல்லாமல் இரண்டு கேமராக்களை ஒப்பிடுகிறவர், விற்பனையாளர் எந்த எண்ணை முதலில் சொல்கிறாரோ அந்த எண்ணின் பக்கம் சாய்ந்துவிடுவார்.

தாளில் உள்ள ஐந்தும் வாட்சாப்பில் அனுப்புவதற்கான பகல்நேரப் படங்களாகவே இருந்தால், உங்கள் கைப்பேசியே போதுமா என்பதையும் இந்த இடத்தில் யோசித்துவிடுவது நல்லது. சிறிய கேமரா கைப்பேசியை வெல்வது முக்கியமாக இரண்டு விஷயங்களில். ஒன்று, கண்ணாடி வில்லைகளே நகர்ந்து தரும் உண்மையான ஜூம். மற்றொன்று, சீனான் பிளாஷ். கைப்பேசியின் எல்இடி விளக்கு மெல்லிய ஒளியைத் தொடர்ந்து தருகிறது; சீனான் பிளாஷ் கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த பொழுதில் வலுவான ஒளியை உமிழ்ந்து அசைவை உறையவைக்கிறது. முகம் பளிச்சென்றும் பின்னணி இருட்டாகவும் வரும் பழைய விருந்துப் படங்களின் தோற்றத்தை இன்றைய இளையவர்கள் தேடுகிறார்களே, அது பெரும்பாலும் இந்தப் பிளாஷின் வேலை. ஆனால் இவ்வளவு சிறிய கேமராவில் அதன் ஒளி மூன்று நான்கு மீட்டருக்கு மேல் எட்டாது. நடு வரிசையிலிருந்து மேடையை நோக்கிப் பிளாஷ் அடிப்பவர் முன்வரிசைக்காரரின் தலைமுடியைத்தான் அழகாகப் படமெடுப்பார்.

இரண்டாம் படி: ஒன்றாக இருப்பவற்றை அடித்துவிடுங்கள்

இரண்டு கேமராக்களின் விவரப் பட்டியலையும் நிறுவனங்களின் தளங்களிலிருந்து எடுத்து அருகருகே வையுங்கள். பொதுவாக மக்கள் வேறுபாடுகளைத் தேடித் தொடங்குவார்கள். நான் சொல்வது அதற்கு எதிரான முறை. முதலில் இரண்டிலும் ஒன்றாக இருக்கும் வரிகளை ஒரு கோடு போட்டு அடித்துவிடுங்கள். அவற்றைப் பற்றி யார் எவ்வளவு புகழ்ந்து பேசினாலும் அவை உங்கள் முடிவுக்கு உதவப்போவதில்லை.

நம் இணையில் அடிபடும் வரிகளைப் பாருங்கள். இரண்டிலும் ஏறத்தாழ 20 மெகாபிக்சல். இரண்டிலும் 1/2.3 அங்குலம் என்று குறிக்கப்படும் சென்சார். ஒளியைப் பதிவு செய்யும் இந்தச் சில்லின் அளவு சுமார் 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ., அதாவது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இரண்டிலும் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியை உணரும் திறனின் அளவு, 80 முதல் 3200 வரை. இரண்டிலும் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஒளியியல் அமைப்பு உண்டு. அகலக் கோணம் இரண்டிலும் 25 மி.மீ.க்கு இணையான இடத்தில் தொடங்குவதால் (இந்த மி.மீ. எண் சிறுத்தால் காட்சி அகலும், பெருத்தால் தொலைவில் இருப்பது அருகே வரும்), பத்துமலையின் 42.7 மீட்டர் உயர முருகன் சிலையை முழுதாகப் பிடிக்க இரண்டுக்குமே ஒரே அளவு பின்னால் நடக்க வேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் காட்சித் துளை இரண்டிலும் இல்லை. நடுப்பகல் வெயிலில் திரை மங்கித் தெரிவதை இரண்டிலும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மெகாபிக்சல் பற்றி ஒரு சொல். நம் ஊர்ப் படக்கடையில் 4ஆர் என்று கேட்டு வாங்கும் நான்குக்கு ஆறு அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்ந்த தரத்தில் அச்சிட 1800-க்கு 1200 புள்ளிகள், அதாவது 2.2 மெகாபிக்சலுக்கும் குறைவாகவே தேவை. ஏ4 அளவுக்குக்கூட 9 மெகாபிக்சல் எட்டாது. ஆகவே ஒன்றில் 16, மற்றதில் 20 என்று இருந்தாலும், அந்த வரியையும் ஒன்றாகவே கருதி அடித்துவிடலாம்.

மிஞ்சி நிற்பவை சில வரிகள்தாம். இக்ஸஸின் ஜூம் 12 மடங்கு, 300 மி.மீ. வரை, சோனியின் ஜூம் 8 மடங்கு, 200 மி.மீ. வரை. இக்ஸஸில் இருப்பது பின்புற ஒளியேற்பு சிமாஸ் சென்சார். சோனியில் இருப்பது பழைய வகையான சிசிடி சென்சார். இக்ஸஸ் முழு எச்டி காணொளி எடுக்கும். சோனி 720 வரி எச்டியோடு நின்றுவிடும். இக்ஸஸின் திரை 3 அங்குலம், 4,61,000 புள்ளி. சோனியின் திரை 2.7 அங்குலம், 2,30,000 புள்ளி. இக்ஸஸில் வைஃபை உண்டு, சோனியில் இல்லை. ஒருமுறை மின்னேற்றினால் இக்ஸஸ் 180 படமும் சோனி 210 படமும் எடுக்கும் என்பது நிறுவனக் கணக்கு. எடை இக்ஸஸுக்கு 147 கிராம், சோனிக்குச் சுமார் 122 கிராம். இரண்டும் ஜிப்பாப் பையைக் கீழே இழுக்காத எடைதான்.

மூன்றாம் படி: வெளிச்சத்தின் கணக்கு

மிஞ்சிய வரிகளில் புதியவர்களை அதிகம் மயக்குவது ஜூம். 12 மடங்கு என்றால் 8 மடங்கைவிட மேல் என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிடுகிறது. ஜூம் எண்ணுக்குப் பக்கத்திலேயே, லென்ஸின் முகப்பு வளையத்தில் சிறிய எழுத்தில் பொறித்திருக்கும் எஃப் எண்களைச் சேர்த்துப் படித்தால்தான் முழு விவரம் தெரியும்.

எஃப் எண் என்பது லென்ஸின் ஒளித்துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு. எண் கூடக்கூட உள்ளே வரும் ஒளி குறையும், அதுவும் எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். இக்ஸஸின் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 3.6, ஜூமின் கடைக்கோடியில் எஃப் 7.0. ஜூமை முழுக்க நீட்டும்போது, சென்சாரின் மீது விழும் ஒளி ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. சோனியும் எஃப் 3.3-இல் தொடங்கி 6.3-இல் முடிவதால் அங்கும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

இதைப் பள்ளி மண்டபத்தில் வைத்துப் பாருங்கள். மேடையில் பரதம் ஆடும் பிள்ளையின் கை அசைவு மங்காமல் வர, ஒளியை உள்ளே விட்டு மூடும் கதவான ஷட்டர் நொடியில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு நேரமாவது வேகமாக இயங்க வேண்டும். நடு வரிசையிலிருந்து ஜூமை நீட்டுகிறீர்கள். ஒளி கால் பங்காகிறது. கேமரா அந்தக் குறையை இரண்டு வழிகளில்தான் ஈடுசெய்ய முடியும்: ஷட்டரை மெதுவாக்குவது, அல்லது ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றுவது. முதல் வழியில் கை இருந்த இடத்தில் ஒரு புகைக்கோடு மட்டும் மிஞ்சும். இரண்டாவது வழியில் முகத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் படியும். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். அது உங்கள் கையின் நடுக்கத்தை மட்டும் அடக்கும், ஆடுபவரின் அசைவை அடக்காது. ஆக, 12 மடங்கு ஜூம் கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே நிற்பவரைப் பகலில் அருகே கொண்டுவரப் பயன்படும். மண்டபத்துக்குள் அதன் கடைசிப் பாதி பெரும்பாலும் அலங்காரமே.

அப்படியானால் இருட்டில் இந்த இரண்டையும் பிரிப்பது எது? லென்ஸ் அன்று, சென்சாரின் வகைதான். பின்புற ஒளியேற்பு அமைப்பில், மின்கம்பிகள் ஒளி உணரும் பகுதிக்கு முன்னால் நின்று மறைக்காமல் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால், அதே அளவுச் சில்லில் அதிக ஒளி பதிவாகிறது. ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டியதும் இக்ஸஸின் படம் சோனியின் படத்தைவிடத் தெளிவாக நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். அடுத்தடுத்துப் படமெடுக்கும் வேகத்திலும் சோனி பின்தங்கியது. நொடிக்கு ஒரு படம்கூடத் தேறாது. காவடி ஆட்டத்துக்கு முன்னால் நின்று ஒரு படம் தவறவிட்டால், அடுத்தது தயாராவதற்குள் காவடி நகர்ந்திருக்கும்.

சிசிடி சென்சாரின் நிறத்தில் ஒரு தனி அழகு உண்டு என்று இளையவர்களிடையே ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. சென்சார் மட்டுமே நிறத்தை உண்டாக்குவதில்லை. அதன் மேல் உள்ள நிற வடிகட்டிகளும், படத்தைச் சமைக்கும் மென்பொருளும் சேர்ந்தே நிறத்தைத் தீர்மானிக்கின்றன. டபிள்யூ830 எடுத்த படங்களைப் பார்த்து அந்த நிறம் உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். சிசிடி என்ற மூன்றெழுத்துக்காக மட்டும் கூடுதல் ரிங்கிட் கொடுக்காதீர்கள்.

தாளில் எழுதிய ஐந்தில் மூன்று இருட்டானவையாக இருந்தால், இந்த இரண்டில் எதை வாங்கினாலும் உங்களுக்கு மனக்குறைதான் மிஞ்சும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அப்போது பார்க்க வேண்டியது ஓரங்குல சென்சார் கொண்ட கேமராக்களை. 2019-இல் வந்த கேனன் பவர்ஷாட் ஜி7 எக்ஸ் மார்க் 3 கேமராவின் சென்சார் 13.2 மி.மீ.க்கு 8.8 மி.மீ.; பரப்பில் இக்ஸஸின் சென்சாரைப்போல் நான்கு மடங்கு. அதன் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப் 1.8, இக்ஸஸின் 3.6-ஐவிட அதுவும் நான்கு மடங்கு ஒளி. இரண்டையும் பெருக்கினால், அகலக் கோணத்தில் ஒரே நேர அளவில் ஏறத்தாழ 16 மடங்கு ஒளி சேர்கிறது. மெகாபிக்சலோ அதிலும் 20 தான். அதே ஆண்டில் வந்த சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 கேமராவின் லென்ஸ் எஃப் 2.8-இல் தொடங்கினாலும் 200 மி.மீ. வரை எஃப் 4.5-க்கு மேல் போவதில்லை. கண்ணை வைத்துப் பார்க்கும் சிறிய மின்திரையும் மேலெழும்பி வரும். விலை பல மடங்கு உயரும் என்பது ஒருபுறம். இரண்டும் 300 கிராமைத் தொட்டு, நான்கு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் கொண்டவை. ஜிப்பாப் பை அவற்றைத் தாங்காது, தோள்பை வேண்டும்.

நான்காம் படி: சிறிய வரிகள், பெரிய தொல்லைகள்

வைஃபை இல்லாத கேமராவில் எடுத்த படத்தைக் குடும்ப வாட்சாப் குழுவுக்கு அனுப்ப, மெமரி கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் செருகி, அதைக் கைப்பேசியில் மாட்ட வேண்டும். வீட்டில் ஒருவர் இதைச் செய்யப் பழகியிருந்தால் சிரமமில்லை. தனியாக இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வாங்குவதாக இருந்தால், இந்த ஒரு வரியே முடிவைச் செய்துவிடலாம். எடுத்த படங்கள் கேமராவுக்குள்ளேயே உறங்கிப்போகும்.

இக்ஸஸின் பேட்டரியை வெளியே எடுத்துத் தனி மின்னேற்றியில் போடலாம். சோனியில் பேட்டரி கேமராவுக்குள்ளேயே இருந்து மின்னேறும். மாற்றுப் பேட்டரி ஒன்று வாங்கினால் அதற்கு மின்னேற்றியும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். மெமரி கார்டைப் பொறுத்தவரை, பழைய இக்ஸஸ் வழக்கமான எஸ்டி கார்டை ஏற்கும், 2025-இன் ‘ஏ’ மாதிரி மைக்ரோ எஸ்டி கார்டைக் கேட்கும். வீட்டில் இருக்கும் கார்டு போதும் என்று நினைத்துக் கடையைவிட்டு வராதீர்கள்.

காணொளிக்கு ஒரு குறிப்பு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான சில விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுக்குகின்றன. இந்த இரண்டு கேமராக்களும் நொடிக்கு 30 படச்சட்டங்களைப் பதிவு செய்பவை. ஷட்டரை நம் விருப்பப்படி அமைக்கும் வசதியும் இல்லை. சில மண்டபங்களில் எடுத்த காணொளியில் கருங்கோடுகள் நகர்வது இந்தப் பொருத்தமின்மையால்தான்.

ஐந்தாம் படி: கடையில் செய்யும் சோதனை

சொந்த மெமரி கார்டு ஒன்றைக் காலியாக எடுத்துச் செல்லுங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் கேமராவில் அதைப் போட்டுச் சில படங்கள் எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ‘பாஸ், போலே சுபா?’ என்று சிரித்த முகத்தோடு கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் மறுப்பதில்லை. கூட்டம் குறைந்த வார நாள் காலையில் போவது உத்தமம்.

முதலில் கேமராவை முடுக்கி, அணைத்து, மறுபடியும் முடுக்குங்கள். லென்ஸ் குழாய் ஒரே சீரான ஓசையோடு வெளியே வர வேண்டும். இடையில் தயங்கினாலோ, நறநறவென்று அரைத்தாலோ அந்தப் பெட்டி வேண்டாம். முகப்பை மூடியிருக்கும் இரண்டு மெல்லிய தகடுகளும் முழுவதும் விலகுகின்றனவா என்று பாருங்கள். ஒரு தகடு பாதியில் நின்றால் படத்தின் மூலையில் கறுப்பு நிழல் விழும். பிறகு எதிர்க்கடையின் விலைப்பட்டியலையோ பெயர்ப்பலகையையோ நோக்கி, அகலக் கோணத்தில் ஒன்று, ஜூமின் நடுவில் ஒன்று, கடைக்கோடியில் ஒன்று எடுங்கள். கடைக்காரரின் மேசைக்கு அடியில், நிழல் விழும் இடத்தில் வைத்திருக்கும் பெட்டிகளைப் பிளாஷ் இல்லாமல் ஒன்று எடுங்கள். உங்கள் கோயில் மண்டபத்துக்கு மிக நெருக்கமான வெளிச்சம் அந்த மேசைக்கு அடியில்தான் இருக்கும். உடன் வந்தவரைக் கையசைக்கச் சொல்லி ஒன்று எடுங்கள். வெள்ளைச் சுவரை நோக்கி ஒன்று. கடை விளக்கின்கீழ் பத்து நொடிக் காணொளி ஒன்று. இதே வரிசையை, இதே இடங்களில் நின்று, இரண்டாவது கேமராவிலும் செய்யுங்கள்.

கடையின் சிறிய திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; இக்ஸஸின் திரை கூர்மையானது என்பதால் அதன் படம் எப்போதும் மேலானதாகவே தெரியும். வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் இரண்டு படங்களையும் அருகருகே, திரைக்குள் முழுதாக அடங்கும் அளவில் பாருங்கள். நூறு சதவிகிதம் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாச் சிறிய கேமராவும் மோசமாகத்தான் தெரியும். அப்படி யாரும் அத்தையின் கல்யாணப் படத்தைப் பார்ப்பதில்லை. ஐயம் தீரவில்லை என்றால், மேசைக்கு அடியில் எடுத்த இரண்டு படங்களையும் 4ஆர் அளவில் அச்சிட்டு, எது எந்தக் கேமராவில் எடுத்தது என்று சொல்லாமல் வீட்டில் உள்ளவர்களிடம் காட்டுங்கள்.

இனி அந்தத் தாளை எடுத்து, ஐந்து இடங்களுக்கும் எதிரே எந்தக் கேமரா தேறும் என்று எழுதுங்கள். மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டாம். கூட்டினால், உங்களுக்குத் தேவையே இல்லாத ஒரு வசதி முக்கியமான குறையை மூடிவிடும். ஐந்தில் எதைத் தவறவிட உங்களுக்கு மனம் வராதோ, அதற்குத் தேறும் கேமராவே உங்களுடையது. என் கருத்தைக் கேட்டால், இரண்டும் ஒரே விலைக்குக் கிடைக்கும்போது சோனியை வாங்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதன் விலை இக்ஸஸின் பாதிக்கும் கீழே இருந்து, பகல் படங்களும் பிளாஷ் படங்களும் மட்டுமே உங்கள் நோக்கம் என்றால் அது நல்ல பேரம். ஒரு தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பழக்கவும் அதுவே ஏற்றது.

ஆறாம் படி: விலை, செட், ரசீது

இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடும்போது பெட்டியின் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். மெமரி கார்டு, மாற்றுப் பேட்டரி, உறை, தேவையானால் கார்டு ரீடர் ஆகிய எல்லாம் சேர்த்த தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘இலவசமாக’ வரும், கேமராவை நிறுத்தும் முக்காலியும் துடைக்கும் துணியும் கணக்கில் சேராது.

அடுத்து, அது உள்ளூர் உத்தரவாதம் உள்ள ஒரிஜினல் செட்டா, ஏபி செட் அல்லது கிரே செட் என்று சொல்லப்படும் வேறு வழி இறக்குமதியா என்று நேரடியாகக் கேளுங்கள். கிரே செட் போலிப் பொருள் அன்று. ஆனால் பழுதானால் நிறுவனத்தின் உள்ளூர்ச் சேவை மையம் இலவசமாகப் பார்க்காது, கடையின் சொந்த உத்தரவாதம்தான். ஜப்பான் சந்தைக்கென்று தயாரித்த சோனி கேமராக்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். அதை மாற்ற வழியில்லை. பெட்டியைத் திறந்ததும் மொழிப் பட்டியலைப் பார்த்துவிட்டே பணத்தை எடுங்கள். வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளை வாங்கினால், 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காட்டு விற்பனை வரி சேரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ரசீதில் கேமராவின் தொடர் எண், மாதிரிப் பெயர், உத்தரவாதக் காலம், கடை முத்திரை நான்கும் இருக்க வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகை மாட்டியிருந்தாலும், பழுதான பொருளைப் பொறுத்தவரை 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை அந்தப் பலகை பறித்துவிட முடியாது. பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம்; 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும், வழக்கறிஞர் வேண்டியதில்லை.

கைமாறிய கேமராவை ஒரு தனியாளிடம் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பாயம் உதவாது, ஆகவே சோதனையில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். லென்ஸ் குழாய் சிக்கிக்கொள்வதே இவ்வகைக் கேமராக்களின் பொதுவான நோய். கீழே விழுந்த தடம் மூலைகளில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அது வெளியே வரவே மறுக்கும். கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்து லென்ஸுக்குள் பார்க்கும்போது மெல்லிய நூல்வலை போன்ற படர்வு தெரிந்தால் அது பூஞ்சை. விலையைக் குறைத்துக் கேட்க வேண்டாம், வந்துவிடுங்கள். மிகப் பழைய மாதிரிகளில் எந்த வகைக் கார்டு வேண்டும் என்பதையும் விசாரிக்க வேண்டும். ஆரம்பகாலக் கேமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்காது. சில மாதிரிகளுக்கு வேண்டிய எக்ஸ்டி கார்டு இப்போது தயாரிப்பிலேயே இல்லை.

வாங்கிய பிறகு

நம் ஊரின் ஈரப்பதத்தில் கேமராவை அலமாரித் துணிகளுக்கு நடுவே வைத்தால் பூஞ்சை விருந்துக்கு வந்துவிடும். உலர்பெட்டிக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும், நிறம் மாறினால் புதிதாக்கிக்கொள்ளக்கூடிய சிலிக்கா ஜெல் பொட்டலமும் இந்த அளவுக் கேமராவுக்குப் போதும். குளிரூட்டிய பேரங்காடியிலிருந்தோ காரிலிருந்தோ வெளியே வந்ததும் லென்ஸை நீட்டாதீர்கள். வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பனியாகப் படியும். நீண்டு சுருங்கும் லென்ஸ் அந்த ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பத்து, பதினைந்து நிமிடம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

பழுது தெரிந்தால் உடனே மாற்றித் தருவதற்குக் கடை கொடுக்கும் காலம் பெரும்பாலும் சில நாள்தான். அதற்குள் ஒருமுறையாவது பேட்டரி முழுதும் தீரும்வரை படமெடுத்து, பிளாஷ், ஜூம், காணொளி, வைஃபை ஆகிய நான்கையும் பயன்படுத்திப் பார்த்து, கார்டை ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, உத்தரவாத அட்டையின் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் பதிந்துவிடுங்கள். பெட்டியையும் உள்ளட்டைகளையும் அதுவரை தூக்கியெறிய வேண்டாம்.